பொருநைக் கரையில் அம்பாசமுத்திரம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுக் காலம் தளராது கூடி வருவது எளிய செயலன்று. தொடங்கும்போது நாற்காலிகள் போதாமற் போவதும், மூன்றாம் ஆண்டில் நாற்காலிகள் மட்டுமே மிஞ்சுவதும் நாம் பல ஊர்களில் கண்ட காட்சி. அந்த நிலைக்கு ஆளாகாமல் இவ்வட்டத்தைக் காத்தவர்களை முதற்கண் பாராட்டுகிறேன்.

'அம்பாசமுத்திரம்: வரலாறும் நிலவியலும்' என்பது எனக்கு அளிக்கப்பெற்ற பொருள். வகுப்பறையில் இலக்கணமும் இலக்கியமும் சொல்லித் தரும் ஒருத்தியிடம் நிலவியலை ஏன் ஒப்படைத்தார்கள் என்று சற்றே மலைத்தேன். ஆயினும் ஓர் ஊரை ஆராயப் புகுந்தால் நம் கையில் முதலில் அகப்படுவன சொற்களே. ஊரின் பெயர், ஆற்றின் பெயர், அணையின் பெயர், மடையின் பெயர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டால் மண்ணும் நீரும் மாந்தரும் தாமே வந்து நிற்பர். அவ்வழியே செல்ல விழைகிறேன்.

ஆற்றிலிருந்து தொடங்குவோம். தாமிரபரணி என்பது வடமொழி வழக்கு. பொருநை என்பது தமிழ் வழக்கு. காளிதாசரின் இரகுவம்சத்தில் இவ்வாறு முத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. சங்கப் பாடல்களில் பொருநை என்ற சொல்லைக் கண்டவுடனே நம்மூர் ஆறு என்று உரிமை கொண்டாடிவிடக் கூடாது. கருவூரைச் சார்ந்த ஆன்பொருநையும் அப்பாடல்களில் உண்டு. ஊர்ப்பற்று நல்லது, அது பாடலின் இடத்தை மாற்றும் அளவுக்குப் போகலாகாது. நம் ஆற்றுக்கு இருக்கும் பெருமையே போதுமானது. கடன் வாங்க வேண்டியதில்லை.

பொதிகைப் பகுதியில் தோன்றிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கும் வரை இவ்வாறு ஓடும் தொலைவு ஏறத்தாழ 125 கிலோமீட்டர். காவிரியோடு ஒப்பிட்டால் சிறிய ஆறுதான். ஆனால் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே பிறந்து, எல்லைக்குள்ளேயே கடலை அடைவது இதன் தனித்தன்மை. மேல்மாநிலம் என்று குற்றம் சாட்ட எவரும் இல்லை. இவ்வாற்றில் எது நேர்ந்தாலும் அது நாம் செய்ததே.

மற்றொரு தனித்தன்மை, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டினாலும் இது நீர் பெறுவது. சமவெளியில் உள்ள நமக்குத் தென்மேற்குப் பருவத்தில் சாரலும் காற்றும் மட்டுமே வாய்க்கும். மலைமுடியிலோ அப்போது மழை கொட்டும். இங்கே வானம் வெளுத்திருக்க ஆறு மட்டும் பெருகி வரும். இதனால்தான் ஆனி, ஆடியில் கார் சாகுபடியும், ஐப்பசிக்குப் பின் பிசான சாகுபடியும் இங்கு இயன்றன. கார், பிசானம் என்னும் இவ்விரு சொற்களும் நம் வட்டாரத்தின் நாட்காட்டி. குறுவை, சம்பா என்று தஞ்சையார் சொல்வதை நம் உழவர் சொல்வதில்லை.

பாபநாசத்தில் மலையைவிட்டு இறங்கும் ஆறு, பத்துக் கிலோமீட்டர் அளவு கிழக்கே வந்ததும் வடகரையில் அம்பாசமுத்திரமும் தென்கரையில் கல்லிடைக்குறிச்சியும் எதிரெதிரே அமைகின்றன. மணிமுத்தாறு தென்புறமிருந்தும், கடனாநதி சற்றுக் கிழக்கே திருப்புடைமருதூரை ஒட்டி வடபுறமிருந்தும் வந்து சேர்கின்றன. மலையடிவாரத்தின் சரிவு குறைந்து, வண்டல் படியத் தொடங்கும் இடம் இது. நீரைத் திருப்ப இதைவிட ஏற்ற இடம் கிடைப்பதரிது. அதனால் இவ்வாற்றின் எட்டு அணைகளுள் முதல் மூன்றும் இவ்வட்டாரத்துக்குள்ளேயே அமைந்துவிட்டன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்பன அவை. பின்னர் அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று தொடர்ந்து ஸ்ரீவைகுண்டத்தில் முடிகின்றன. கடைசி அணை மட்டும் ஆங்கிலேயர் காலத்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. இவற்றின் கால்வாய்கள் பதினொன்றால் பயன்பெறும் நிலம் சுமார் 86,000 ஏக்கர்.

அணை என்றவுடன் இன்றைய மாணவர் நெஞ்சில் வானுயர்ந்த சுவர் தோன்றும். இவை அத்தகையன அல்ல. நீரைத் தேக்கிச் சிறைவைப்பது இவற்றின் நோக்கமன்று. மட்டத்தைச் சிறிது உயர்த்தி, ஒரு பகுதியைப் பக்கக் கால்வாயில் திருப்பிவிட்டு, எஞ்சியதைக் கீழேயுள்ள ஊர்க்கு வழிந்தோட விடுவன. 'நதியுண்ணி' என்ற பெயரைச் சிந்தித்துப் பாருங்கள். நதியை உண்பது நதியுண்ணி. உண்ணும், ஆனால் முழுதும் உண்ணாது. இப்பெயரிட்டவர் புலவராக இருந்திருக்க வேண்டுவதில்லை. மண்வெட்டியோடு வரப்பில் நின்ற ஒருவர் வாயிலிருந்து பிறந்த சொல் என்றே நான் கருதுகிறேன்.

இனி ஊர்ப்பெயருக்கு வருவோம். 'சமுத்திரம்' என்று முடியும் ஊர்கள் நம் வட்டாரத்தில் மிகுதி. கோபாலசமுத்திரம், இரவணசமுத்திரம் என்பன நாம் அறிந்தவை. கடலுக்கு வெகுதொலைவில் இத்தனை சமுத்திரங்கள் எங்கிருந்து வந்தன? பெருங்குளத்தைக் கடலாகக் கண்டு மகிழ்ந்தவர்கள் நம் முன்னோர். ஆனால் அம்பாசமுத்திரம் என்பது இவ்வூரின் பிற்காலப் பெயர். அதற்கு முன்னர் இது முள்ளிநாட்டு இளங்கோக்குடி எனப்பட்டது.

இதற்குச் சான்று நம் ஊரின் எரிச்சாவுடையார் கோயிலிற் கிடைத்த வட்டெழுத்துக் கல்வெட்டு. ஒன்பதாம் நூற்றாண்டினதாகிய இதனைக் கல்வெட்டறிஞர் வெங்கையா எபிகிராபியா இண்டிகாவின் ஒன்பதாம் தொகுதியில் பதிப்பித்தார். பாண்டியன் வரகுணன் தன் பதினாறாம் ஆட்சியாண்டில், தொண்டை நாட்டில் பெண்ணை ஆற்றங்கரையில் அரைசூரில் தங்கியிருந்தபோது இளங்கோக்குடிக் கோயிலுக்கு வழங்கிய அறம் இதிற் கூறப்படுகிறது. போர்முனையிலோ பயணத்திலோ இருந்த அரசன், நெடுந்தொலைவிலுள்ள பொருநைக் கரை ஊரொன்றை நினைத்திருக்கிறான்.

அவன் அளித்தது 290 காசு. அதனைக் கோயிலிடம் நேரே கொடுக்கவில்லை, ஊர்ச்சபையாரிடம் கொடுக்கிறான். முதல் குறையாதபடி வைத்துக்கொண்டு, காசொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வீதம் 580 கலம் நெல்லை வட்டியாகச் சபையார் அளக்க வேண்டும். அந்நெல்லைக் கொண்டு நாள்தோறும் நான்கு வேளை வழிபாட்டுக்கு வேண்டிய அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், காய்கறி, வெற்றிலை பாக்கு ஆகியவற்றுக்கு அளவும் வகுக்கப்படுகிறது. சமையற்கட்டுக் கணக்கு என்று இதனைத் தள்ளிவிடுவோர் உளர். எனக்கு அது ஒரு நகராட்சியின் வரவு செலவுத் திட்டமாகத் தோன்றுகிறது. ஓர் அரசன் தன் செல்வத்தை நம்பி வைப்பதற்கு உரிய நிலையான நிறுவனம் ஒன்று இக்கரையில் இருந்தது. ஆண்டுதோறும் 580 கலம் தவறாமல் விளையும் என்ற உறுதியும் இருந்தது. வானத்தை மட்டும் நம்பிய ஊர் இவ்வாறு வாக்குக் கொடுத்திராது. கால்வாய்தான் அவ்வாக்கின் பிணை.

கல்வெட்டுகளில் வட்டிக்கு வழங்கும் சொல் 'பொலி' என்பது. களத்திலே தூற்றிக் குவித்த நெல்லுக்கும் அதே பெயர். மரக்காலால் முதல் அளவை எடுக்கும்போது 'பொலி பொலி' என்று முதியோர் சொல்வதுண்டு. முதலீட்டின் பெருக்கத்தையும் மண்ணின் பெருக்கத்தையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி இது. வங்கியில் வட்டி வாங்கும் நம்மில் எத்தனை பேருக்கு அது நெற்குவியலின் பெயர் என்பது தெரியும்?

சோழர் காலத்துக்கு வந்தால், இப்பகுதி இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்ற பெரும் ஊராக விளங்கியதைக் காண்கிறோம். மன்னார்கோயில், பிரமதேசம் ஆகியன அதன் உறுப்புகள். மன்னார்கோயிலில் உள்ள விண்ணகரம் இராசேந்திர சோழன் காலத்தில் இராசசிங்கன் என்னும் சேர மன்னனால் எடுக்கப்பெற்று, சோழன் பெயரைத் தாங்கியது. குலசேகராழ்வார் திருநாட்டுக்கு எழுந்தருளிய இடம் அதுவே என்பது வைணவ மரபு. பிற்காலத்துக் கோயிற்கலைகளைப் பற்றி விரிப்பின் பெருகும். திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் நிலைகளில் உள்ள சுவரோவியங்களையும் மரச்சிற்பங்களையும் காணாதவர் ஒருமுறையேனும் சென்று காண வேண்டும் என்று மட்டும் சொல்லி அப்பால் செல்கிறேன். கல்லிடைக்குறிச்சிக் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் களவு போன நடராசர் திருமேனி, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர அருங்காட்சியகத்திலிருந்து 2019-இல் மீண்டு வந்ததை நாம் அனைவரும் அறிவோம். களவு போன செம்பைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. களவு போன சொல்லை எந்த அருங்காட்சியகத்திற் போய்த் தேடுவது?

இதுவே நான் இன்று முதன்மையாகச் சொல்ல வந்தது. அந்த 580 கலம் நெல்லை விளைவித்தவர் யார்? கல்வெட்டு அரசனைச் சொல்கிறது, சபையைச் சொல்கிறது, வாழைப்பழத்தைக்கூட விட்டுவிடவில்லை. ஆனால் மடை திறந்தவரும் நாற்று நட்டவளும் அங்கில்லை. சதுர்வேதிமங்கலங்களும், கோயில்களும், மடங்களும் நிலத்துக்கு உரியனவாக இருந்த நெடுங்காலத்தில், சேற்றிலே நின்றவர் பெயர் எந்தக் கல்லிலும் ஏறவில்லை. நம் ஊரின் பெருமையைப் பேசும் கூட்டங்களில் இதனைச் சொல்லாமல் விடுவது வழக்கம். எனக்கு அது உடன்பாடன்று.

அவர்கள் விட்டுச் சென்ற கல்வெட்டு ஒன்று உண்டு. அது அவர்களுடைய சொற்கள். தலைமடை, கடைமடை, மதகு, கலிங்கு, வரத்துக்கால், மறுகால் என்பனவெல்லாம் எந்த நிகண்டைப் பார்த்தும் பிறந்தவையல்ல. நீரை வயலுக்கு வயல் முறை வைத்துப் பகிர்ந்தவரை நீர்ப்பாய்ச்சி என்றும், நீர்க்கட்டி என்றும், மடைக்குடும்பன் என்றும் வழங்கினர். தேவேந்திர குல வேளாளர் சமூகத்தார் பல ஊர்களில் இப்பணியை வழிவழியாக ஏற்றிருந்தனர். பெருவெள்ளத்தில் மடைக்குள் மூழ்கிப் பலகையை எடுப்பதும், வறட்சியில் கடைமடைக்காரனுக்கு உரிய நாழிகையைக் காப்பதும் அவர்கள் கடமை. 'மடையன்' என்ற சொல் வசையாகிப் போனதற்கு அறிஞர் வேறு வேறு காரணம் கூறலாம். மடை காத்தவனையும் அச்சொல்லே குறித்ததாகச் சிலர் கருதுவதை நினைக்கும்போது, ஒரு சமுதாயம் தன் நீரைக் காத்தவனுக்குச் செய்த நன்றி இதுதானா என்று மனம் கூசுகிறது.

என் வகுப்பில் ஒருமுறை 'மறுகால்' என்பதற்குப் பொருள் கேட்டேன். 'மற்றொரு கால்' என்று எழுதினாள் ஒரு மாணவி. அவள் வந்த ஊர் கால்வாய்க் கரை ஊர்தான். குளம் நிறைந்து மிகுநீர் வழிந்து அடுத்த குளத்துக்குச் செல்லும் வழியே மறுகால். அவள்மீது குறையில்லை. அவள் பிறந்த பின்னர் அக்குளம் நிறைந்து மறுகால் பாய்வதை நின்று காட்ட வீட்டில் எவருக்கும் நேரமில்லாது போயிருக்கலாம்.

கன்னடியன் கால்வாயைப் பற்றி ஊர் வழங்கும் கதையைச் சொல்லாமல் இவ்வுரை நிறைவுறாது. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவன் சேர மன்னனிடம் பெரும்பொருளைத் தானமாகப் பெற்றான். அதனை அம்பையில் உள்ள கோயில் அர்ச்சகரிடம் அடைக்கலமாக வைத்துவிட்டுப் பொதிகைக்குச் சென்றான். திரும்பி வந்து கேட்டபோது அர்ச்சகர் பொன்னுக்குப் பதிலாகத் துவரம்பருப்பைக் கொடுத்தாராம். வழக்கு சத்தியத்துக்கு வந்தது. இறைவனின் ஆற்றலைப் புளியமரத்தில் இறக்கிவைத்துவிட்டுச் சன்னதியில் சத்தியம் செய்யலாம் என்று அர்ச்சகர் திட்டமிட, கன்னடியனோ புளியமரத்தின் மேலேயே சத்தியம் செய்யச் சொன்னான். அர்ச்சகர் எரிந்து போனார். எரிச்சாவுடையார் என்ற பெயருக்கு இக்கதையே காரணம் என்பர். மீண்ட பொருளைக் கொண்டு, பசு ஒன்று நடந்த வழியே கன்னடியன் கால்வாய் வெட்டினான். அது படுத்த இடத்தில் குளமும், சிறுநீர் விட்ட இடத்தில் மடையும் அமைத்தான்.

இது வரலாறன்று, ஆனால் வெறுங்கதையும் அன்று. சரிவறிந்து நடக்கும் கால்நடையின் தடத்தை வைத்து நீரோட்டத்தைக் கணித்த பட்டறிவு இதில் பொதிந்துள்ளது. அதற்கு மேலாக, ஊர்ச்சொத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவர் அதில் கைவைத்தால் என்னாகும் என்பதையும் மக்கள் சொல்லி வைத்தார்கள். வரகுணன் கல்வெட்டில் சபையார் நம்பிக்கைக்கு உரியவராக நிற்கின்றனர். கன்னடியன் கதையில் நம்பிக்கை மோசம் போகிறது. ஒரே கோயிலைச் சுற்றி இரண்டும் வழங்குவது வியப்பன்றோ? முன்னது மேலோர் எழுதியது. பின்னது மற்றவர் சொன்னது.

கன்னடியன் கால்வாய் வீரவநல்லூர், சேரன்மாதேவி, பத்தமடை வழியாகச் செல்கிறது. 2009-இல் பணி தொடங்கிய தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்பும் இக்கால்வாயில் வெள்ளாங்குழியிலிருந்தே பிரிகிறது. 2024-இல் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது. வெள்ளநீரைச் சாத்தான்குளம், திசையன்விளை வறண்ட பகுதிக்குக் கொண்டுசெல்லும் திட்டம். பசுவின் தடம் தேரிக்காடு வரை நீள்கிறது என்று மகிழலாம்.

சேரன்மாதேவியைச் சொன்னதும் வ.வே.சு. ஐயர் நினைவுக்கு வருகிறார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 'குளத்தங்கரை அரசமரம்' தந்தவர். அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி என்ற செய்தி 1924, 1925 ஆண்டுகளில் தமிழகத்தையே உலுக்கியது. அப்பூசல் அடங்கு முன்னரே, 1925 ஜூன் மாதம், பாபநாசத்தில் கல்யாண தீர்த்த அருவியில் விழுந்த மகளைக் காக்க முயன்று தாமும் உயிர் நீத்தார். அவர் முடிவுக்கு இரங்காதார் இல்லை. ஆனால் கரையில் யார் யாரோடு அமர்ந்து உண்பது என்ற வினா அவரோடு முடியவில்லை.

அண்மைக் காலத்தை விரைந்து கடக்கிறேன். 1880-களில் ஆர்வி நிறுவனத்தார் பாபநாசத்தில் அருவியின் விசையைக் கொண்டு பஞ்சாலை நிறுவினர். விக்கிரமசிங்கபுரம் ஆலைத் தொழிலாளர் ஊராக வளர்ந்தது. 1940-களில் பாபநாசம் அணையும் புனல்மின் நிலையமும், 1950-களின் இறுதியில் மணிமுத்தாறு அணையும் வந்தன. 143 அடி, 118 அடி என்ற எண்களை நம் வீட்டுப் பெரியவர் காலையில் நாளிதழில் முதலிற் பார்ப்பர். தலைப்புச் செய்தி அப்புறந்தான். 1937-இல் இங்கு அமைந்த நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட அம்பை 16 என்னும் குட்டை நெல் தமிழகமெங்கும் பரவியது. நம் ஊரைப் பார்த்திராத உழவர் பலர் அதன் பெயரை விதைமூட்டையில் படித்திருக்கிறார்கள்.

மலையின்மேல் மற்றொரு வரலாறு. சிங்கம்பட்டி சமீன் காடுகளில் எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தேயிலைத் தோட்டமாயிற்று. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று ஊர்கள் எழுந்தன. கூலிக்காகவும் சிறைப்பட்ட தோழர்க்காகவும் 1999 ஜூலை 23-இல் அத்தொழிலாளர் திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றபோது, காவல்துறைத் தடியடிக்கு அஞ்சி ஆற்றில் இறங்கியோர் உட்பட 17 பேர் மாண்டனர். தாயும் சிறுகுழந்தையும் அவருள் அடக்கம். குத்தகை முடிய நான்காண்டு இருக்கையில், 2024-இல் தோட்டத்தை மூட முடிவாயிற்று. தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்தோர் விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையொப்பமிட்டு இறங்கினர். காடு காடாக மீள்வதை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனமில்லை. களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் சோலைகள் இல்லையேல் இந்த ஆறு இல்லை. ஆனால் ஏறத்தாழ நூறாண்டு மலையில் வாழ்ந்தோரின் பேச்சும் பாட்டும் தோட்டச் சொற்களும் இறங்கி எங்கே போயின? அதைக் கேட்டு எழுதியவர் எத்தனை பேர்?

நகராட்சி என்ற சொல்லுக்கும் சற்று வருவோம். வயலும் வாழையும் சூழ்ந்த நம் ஊரை நகரம் என்றழைப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. ஒரு சிக்கலும் இருக்கிறது. மலை வனத்துறைக்கு, அணை நீர்வளத்துறைக்கு, தெரு நகராட்சிக்கு, கோயில் அறநிலையத்துறைக்கு என்று நாம் பிரித்துவிட்டோம். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபின் கடனாநதிப் பாசனத்தின் ஒரு பகுதி அடுத்த மாவட்டமும் ஆயிற்று. தெருச் சாக்கடைக்கு மட்டும் இவ்வெல்லைகள் தெரிவதில்லை. அது நேரே வாய்க்காலுக்கு வருகிறது. அமாவாசை நாள்களில் பாபநாசத்தில் நீராடுவோர் பாவம் போக்குவதாக எண்ணி உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். அத்துணி மதகில் வந்து சிக்குகிறது. எடுப்பவர் எந்தத் துறையார் என்று கேட்டால் விடையில்லை. கடைமடையிலோ, குடிநீருக்கும் தூத்துக்குடி ஆலைகளுக்கும் போனது போக வயலுக்கு எவ்வளவு என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி ஆறு கரைபுரண்டபோது, அடைபட்டிருந்த மறுகால்கள் எவை என்பதை வெள்ளமே வீட்டுக்குள் வந்து காட்டிக் கொடுத்தது. இளங்கோக்குடிச் சபையை நான் போற்றிப் பாடவில்லை. அதன் வாயில் பலர்க்கு அடைபட்டிருந்தது. ஆனால் நீரையும் நெல்லையும் கோயிலையும் தெருவையும் ஒரே அவை ஒரே ஏட்டில் எழுதிவைத்தது என்பதையும் மறைக்க இயலாது.

இவ்வட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் சொற்பொழிவுகளில் இரண்டையேனும் குறைத்துக்கொண்டு, கோடைமேலழகியான் முதல் கன்னடியன் வரை கால்வாய்க் கரையில் நடந்து, ஒவ்வொரு மடையின் பெயரையும் எழுதுங்கள். மடை பார்த்த முதியவரை, நடவுப் பாட்டுப் பாடிய பாட்டியை, மாஞ்சோலையிலிருந்து இறங்கி நம் தெருக்களில் குடிபுகுந்த குடும்பங்களை, மேலே மயிலாறு, சேர்வலாறு காணிக்குடியிருப்புகளில் வாழும் காணி மக்களைக் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். வட்டெழுத்துப் படிக்கக் கற்றுத்தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். எங்கள் கல்லூரி மாணவியர் பன்னிருவர் நடக்க இசைந்துள்ளனர். பாபநாசம் அணையைக் கார் பருவத்துக்குத் திறக்கும் நாளையொட்டித் தொடங்கலாம். வெயிலுக்கு முன் காலை ஆறு மணிக்கு அணைக்கட்டில் கூடினால் போதும்.